ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒரு நட்பை இழப்பது: முழுமையான வழிகாட்டி

நெருங்கிய நட்பு முறிந்தால் என்ன செய்வது என்று இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஒரே அறிவுரைதான் வரும். நம்பரை பிளாக் பண்ணுங்கள், அவர் போகிற இடத்துக்குப் போகாதீர்கள், முற்றாக விலகுங்கள். இதை எழுதியவர்கள் கிழக்கிலங்கையில் ஆரையம்பதியிலோ காரைதீவிலோ குடியிருந்து பார்த்ததில்லை போலும். இங்கே கதை முறிந்த ஆள் அடுத்த ஒழுங்கையில் இருப்பார். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது கேற்றடியில் நிற்பார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்குப் போனால் பக்கத்தில் வந்து நிற்பார். சில வேளை அவரே உங்கள் சொந்த மச்சாளாகவும் இருப்பார்.

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் நட்பு முடிவதென்றால், ஆளைத் தினமும் பார்த்துக்கொண்டே நட்பை இழப்பதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் மறப்பதற்கான வழி எதையும் தேட வேண்டாம். எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கப்போகிற ஒருவரை எந்த அளவில் வைத்துக்கொள்வது, அதற்கிடையில் நமது சாப்பாடு, தூக்கம், காசு, குடும்பம் எல்லாம் குலையாமல் எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன். வரிசையாக வாசியுங்கள். ஆனால் உங்கள் இருவருக்குமிடையே கடனோ பிணையோ சீட்டோ இருந்தால் நேராக மூன்றாம் படிக்குப் போய்விட்டு வாருங்கள்.

படி 1: இதுவும் ஒரு துக்கம்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள்

செத்த வீடென்றால் ஊருக்கு வேலை தெரியும். பந்தல் போடுவார்கள், கதிரை வரும், அயலில் சமைத்து அனுப்புவார்கள், எட்டு, முப்பத்தொன்று என்று நாள் குறித்து ஆட்கள் வந்து போவார்கள். நட்பு முடிந்தால் இதில் ஒன்றும் கிடையாது. "என்ன, ரெண்டு பேரும் கோவமா?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்கள், அவ்வளவுதான். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் இந்த வகைத் துக்கத்தைப் பற்றி விரிவாக எழுதினார். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்று ஏற்றுக்கொள்ளாத இழப்பில், அழுவதற்கே ஒருவருக்கு உரிமை இல்லாததுபோல் ஆகிவிடுகிறது, அதனால் அது ஆறவும் நாளெடுக்கிறது என்பது அவருடைய கருத்து.

நமது பக்கத்தில் இதற்கு இன்னொரு பாரமும் உண்டு. 1990இன் யுத்தக் கொலைகளையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட சனம் நாம். "ஆட்களையே பறிகொடுத்திட்டு இருக்கிறம், நீ இதுக்கா அழுறாய்?" என்று வீட்டிலேயே யாராவது கேட்கக்கூடும். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பெரிய இழப்பு உங்களுடைய சின்ன இழப்பை இல்லாமல் ஆக்கிவிடாது. எனக்கு இதில் படுவது இன்னும் ஒன்று: சகோதரங்களை இழந்தவர்களும் வெளிநாட்டுக்கு அனுப்பியவர்களும் நிறைந்த ஊரில் சிநேகிதர்தான் பல வேளைகளில் சகோதரத்தின் இடத்தில் இருக்கிறார். போவது ஒரு ஆளாக இருந்தாலும் வெறுமையாவது இரண்டு இடம்.

உடம்பும் நோகும். நயோமி ஐசன்பர்கரும் கூட இருந்தவர்களும் 2003இல் செய்த ஒரு ஆய்வில், கணினியில் பந்து எறியும் விளையாட்டொன்றில் ஒருவரை மற்றவர்கள் சேர்க்காமல் விட்டபோது அவருடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய பகுதி ஒன்று அப்போதும் இயங்கியது. அறிமுகமே இல்லாதவர்கள் பந்து தராததற்கே அப்படியென்றால், பத்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்போது வயிற்றைப் பிசைவதில் புதினம் இல்லை. (நெஞ்சு நோவு கையில் இறங்கினால், வியர்த்துக் கொட்டினால், அதை மனக்கவலை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.)

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுக்காதீர்கள். எலிசபெத் குப்ளர்-ரோஸ் 1969இல் அதை எழுதியது சாகக் கிடந்த நோயாளிகளோடு பேசியதை வைத்து. உங்களுக்குக் காலையில் கோபமும் மத்தியானம் ஏக்கமும் பின்னேரம் "போனாப் போகட்டும்" என்ற எண்ணமும் வரும். அடுத்த நாள் தலைகீழாக வரும்.

படி 2: முதல் இரண்டு கிழமை, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

இந்த நாட்களில் செய்ய வேண்டியவை கொஞ்சம், செய்யாமல் விட வேண்டியவை நிறைய.

இரவு பத்து மணிக்குப் பிறகு அவருக்கு வொய்ஸ் மெசேஜ் போடாதீர்கள். எழுத்தையாவது அனுப்பமுன் ஒருமுறை வாசிக்கலாம். குரல் அழுதுகொண்டே போய்ச் சேரும், பிறகு பத்துப் பேர் அதைக் கேட்பார்கள். வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துரோகம், முதுகில் குத்துதல் பற்றிய வாசகங்களும் வேண்டாம். யாருக்கென்று ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டும்தான் அது மறைமுகம். தந்த பொருட்களைப் பையில் போட்டுத் திருப்பி அனுப்புவதும் வேண்டாம். அதற்குப் பிறகு சமாதானமாக நினைத்தாலும் இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிடும்.

செய்ய வேண்டியதில் முதலாவது சாப்பாடும் நித்திரையும். பசிக்காவிட்டாலும் நேரத்துக்கு இரண்டு வாய். ஃபோனைத் தலையணைக்கடியில் வைக்காமல் வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். அவர் கடைசியாக எப்போது ஆன்லைன் வந்தார் என்று பார்ப்பதில்தான் பாதி இரவு போகிறது.

இரண்டாவது எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் தொடக்கி, பிறகு பலரும் செய்து பார்த்த முறை இது: பதினைந்து இருபது நிமிடம், அடுத்தடுத்து மூன்று நான்கு நாள், மனதில் கிடப்பதை எழுத்துப்பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதி முடித்த கையோடு கொஞ்சம் கூடுதலாகவே பாரமாக இருக்கும், அது வழமை. நாள் போகப் போகத்தான் பலருக்கும் இலேசாகிறது. எல்லாருக்கும் சரிவரும் என்று நான் சொல்லமாட்டேன். எழுதினால் இன்னும் இன்னும் குடைகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

இதில் ஒரு வீட்டுப் பிரச்சினை உண்டு. இரண்டு அறை வீட்டில் அம்மா, பிள்ளைகள், தங்கச்சி எல்லாரும் இருக்க நாட்குறிப்பை எங்கே ஒளிப்பது? ஒளிக்கத் தேவையில்லை. பழைய கொப்பியின் தாளில் எழுதி, முடிந்ததும் கிழித்து அடுப்பில் போடுங்கள். பயன் எழுதுவதில் இருக்கிறது, வைத்திருப்பதில் இல்லை. ஃபோனில் எழுதுவதென்றால் தயவுசெய்து அவருடைய சாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதீர்கள். விரல் தவறினால் கதை முடிந்தது.

படி 3: காசுக் கணக்கைப் பிரியுங்கள்

இது மனசுக்கு முன்னால் வர வேண்டியது. நம் ஊர்களில் சிநேகிதம் என்றால் அதற்குள் காசும் இருக்கும்: சீட்டு, கைமாற்று, அவசரத்துக்கு அடகு வைக்கக் கொடுத்த சங்கிலி, லீசிங்குக்குப் போட்ட பிணை. கதை நின்ற பிறகு இவை ஒவ்வொன்றும் புதுச் சண்டைக்கு விதையாகும். "காசுக்காகத்தான் பழகினாய்" என்ற வார்த்தை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு எந்தச் சமாதானமும் சுலபம் இல்லை.

கைமாற்று இருந்தால், நீங்கள் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுங்கள், பகுதி பகுதியாக என்றாலும் சரி. கையில் கொடுக்காமல் வங்கிக் கணக்குக்குப் போடுங்கள், சிட்டையை வைத்திருங்கள். உங்களுக்கு வர வேண்டியதென்றால் தொகையும் திகதியும் மட்டும் எழுதி ஒரு மெசேஜ்: "மார்ச்சில வாங்கின இருபதாயிரத்த ஆவணிக்குள்ள தந்தா உதவியா இருக்கும்." நடந்த சண்டையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் வரக்கூடாது. பின்னேரம் வாசித்தாலும் விடிய வாசித்தாலும் காசு மெசேஜாகவே இருக்க வேண்டும்.

சீட்டென்றால் நடுவில் உடைக்காதீர்கள். அதில் மற்றவர்களின் காசும் இருக்கிறது. உங்கள் பங்கைச் சீட்டு பிடிக்கிறவரிடம் நேரே கொடுத்து, அது முடியும் வரை இருந்துவிட்டு, அடுத்த சீட்டில் சேராமல் விடுங்கள்.

சிக்கலானது குழுக் கடன். நுண்கடன் கம்பனிகள் பெண்களைச் சிறு குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணையாக வைத்துத்தான் பெரும்பாலும் கடன் கொடுக்கின்றன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். கோபத்தில் குழுக் கூட்டத்துக்குப் போகாமல் விட்டால், உங்கள் இருவரின் பிரச்சினை சம்பந்தமே இல்லாத பெண்களின் வீட்டு வாசலுக்குப் போய்விடும். கூட்டத்துக்குப் போங்கள். காசைக் கட்டி, கையெழுத்தை வைத்துவிட்டு எழும்புங்கள். கடன் முடியும் வரை அது ஒரு அலுவலக உறவு. முடிந்ததும் மறுபடி அதே குழுவில் எடுக்காமல் இருப்பதற்கு ஒரு நல்ல சாட்டும் கிடைத்துவிடும்.

வங்கிப் பிணை இன்னும் இறுக்கமானது. "இப்ப நாங்க கதைக்கிறல்ல" என்று வங்கியில் போய்ச் சொன்னால் பிணை கழன்றுவிடாது. கடன் முடிய வேண்டும், அல்லது வங்கி சம்மதித்து உங்களுக்குப் பதிலாக வேறொருவரை ஏற்க வேண்டும். கிளையில் போய்க் கேளுங்கள். கடன் ஒழுங்காகக் கட்டுப்படுகிறதா என்பதையும் அப்படியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபோன். அவருக்குத் தெரிந்த கடவுச்சொற்கள், அவருடைய ஃபோனில் திறந்து கிடக்கும் உங்கள் முகநூல், உங்கள் அடையாள அட்டைப் பிரதி, எல்லாவற்றையும் ஒரு நாள் இருந்து சரிபாருங்கள். இது அவரைச் சந்தேகிப்பது ஆகாது, வீடு மாறினால் பூட்டு மாற்றுகிறோம் அல்லவா, அதுபோலத்தான்.

படி 4: எந்த வகை முடிவு என்று பாருங்கள்

சண்டை பிடித்து முறிந்தது நோகும், ஆனால் விளங்கும். யார் என்ன சொன்னார், எங்கே வெடித்தது என்று தெரியும். அதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை.

மெல்லத் தேய்ந்து போனது வேறு. இங்கே அதற்கு நமது கல்யாண முறையே ஒரு காரணம். பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் நமது பக்கத்து வழமை. அதனால் பெண்களின் நட்பு அம்மாவின் வளவைச் சுற்றி ஆயுளுக்கும் நிற்கும். ஆண்களோ இருபத்தெட்டு முப்பது வயதில் ஊர் மாறிவிடுவார்கள். களுவாஞ்சிக்குடியில் ஒன்றாகக் கிரிக்கெட் அடித்தவன் திருக்கோவிலில் குடும்பம் நடத்துகிறான். முதல் வருடம் கிழமைக்கு ஒரு கோல், பிறகு சித்திரை வருடத்துக்கு ஒரு வாழ்த்து. சுனாமிக்குப் பிறகும் இது நடந்தது. நாவலடியில் வேலிக்கு வேலி இருந்தவர்கள் முகாமுக்கும் பிறகு திராய்மடுவுக்கும் வேறு இடங்களுக்குமாகச் சிதறினார்கள். கத்தாருக்கும் கனடாவுக்கும் போனவர்களைச் சொல்லவே வேண்டாம். இப்படித் தேய்ந்ததை முறிந்ததாகக் கணக்கெடுக்காதீர்கள். ஒரு கோல் எடுத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி உயிர் இருக்கும்.

மூன்றாவது வகைதான் ஆளை அரிப்பது: காரணமே சொல்லாமல் கதையை நிறுத்துவது. வாசித்த அடையாளம் நீலமாக இருக்கும், பதில் வராது. வழியில் கண்டால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஆள் இருக்கிறார், உறவு இல்லை. முடிந்துவிட்டதா என்றும் தெரியாது. போலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர் 1970களிலிருந்து இப்படித் தெளிவில்லாத இழப்புகளைப் பற்றி எழுதி வருகிறார். காணாமல் போனவர்களின் குடும்பங்களோடு வேலை செய்து வந்த சிந்தனை அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கிற ஊரில் இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அவர் சொல்கிற ஒரு விஷயம் இங்கேயும் பொருந்தும். முடிவு தெரிந்த பிறகுதான் வாழ்வேன் என்று காத்திருந்தால் உறைந்து போவோம். தெரியாது என்பதையும் வைத்துக்கொண்டு அன்றாடத்தை நடத்தப் பழக வேண்டும். அவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கு நீங்கள் இரவில் கட்டுகிற பத்துக் காரணங்களில் எது சரியென்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வகை உண்டு. அதை நாங்கள் அதிகம் பேசுவதில்லை. இரண்டு பேரும் ஒரு பிழையும் செய்யாமல், இரண்டு ஊரும் இழுத்துப் பிரித்த நட்பு. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையில், கல்முனையில், அக்கரைப்பற்றில், ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த தமிழரும் முஸ்லிமும். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பலருக்கு என்ன கதைப்பதென்றே தெரியவில்லை. ஒருவர் பயந்து பேசாமல் விட்டார், மற்றவர் அதை வெறுப்பென்று எடுத்துக்கொண்டார். இந்த வகைக்கு அடுத்த படி மிக முக்கியம். இதில் சண்டையே நடக்கவில்லை, அதனால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. பெருநாளுக்கு ஒரு வாழ்த்து, பொங்கலுக்கு ஒரு தட்டு, "சுகமா இருக்கிறீங்களா?" என்று ஒரு கோல். வீட்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

படி 5: ஒரு முறை, ஒரேயொரு முறை, முயன்று பாருங்கள்

இரண்டு கிழமை கழிந்து, காசுக் கணக்கும் ஒதுங்கிய பிறகு, சரிசெய்ய விருப்பம் இருந்தால் ஒரு முயற்சி செய்யுங்கள். ஆள் விட்டுக் கேட்பிக்க வேண்டாம். மாமி மூலம் போகிற சமாதானம் மாமியின் சமாதானமாகத்தான் போய்ச் சேரும்.

மெசேஜ் சின்னதாக இருக்கட்டும். ஆண்களுக்குள் என்றால் இப்படி: "மச்சான், அண்டைக்கு நடந்தது மனசில கிடக்கு. நான் கதைச்ச விதம் பிழை. உனக்கு ஏலுமான நேரம் ஒருக்கா கதைப்பம். ஏலாட்டியும் பரவாயில்ல." உங்கள் பக்கத்துப் பிழை என்று உண்மையில் நினைப்பதை மட்டும் எழுதுங்கள். நினைக்காத மன்னிப்பை அடுத்த சண்டையில் நீங்களே திருப்பி வாங்குவீர்கள். "ஆனா நீயும்" என்று ஒரு வரி எழுத விரல் துடிக்கும். அதை நேரில் பேசும்போது சொல்லலாம்.

சந்திக்க ஒத்துக்கொண்டால் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளும் மாமியாரும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இரண்டு பேரும் நடிக்கத்தான் செய்வார்கள். கல்லடிக் கடற்கரை, கோயில் வெளி வீதி, கந்தோர் முடிந்து ஒரு பிளேன்டீக் கடை, எதுவும் சரி. நடந்துகொண்டு கதைப்பது இன்னும் நல்லது, முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பழைய கணக்கெல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் தீர்க்க நினைத்தால் இன்னொரு பிரளயம் வரும்.

பதில் வராவிட்டால் ஒரு மாதம் விடுங்கள். பிறகும் இல்லையென்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, மூன்றாவது மெசேஜ் உங்களைத் தாழ்த்தும், அவருக்கும் தொல்லையாகும்.

முயலவே கூடாத இடமும் உண்டு. கை வைத்தவர், படங்களை வைத்து மிரட்டியவர், காசை ஏமாற்றியே பழக்கப்பட்டவர், உங்கள் குடும்பத்துக்குள் புகுந்து கலைத்தவர். அங்கே சமாதானம் பேசப் போக வேண்டாம். மிரட்டல் இருந்தால் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938.

படி 6: எதிர்ப்படும் நாளுக்குத் தயாராகுங்கள்

எதிர்ப்படுவீர்கள். நாளைக்கே கூட. அதனால் எந்த அளவு உறவு என்பதை இன்றைக்கே தீர்மானித்து வையுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

எனது அபிப்பிராயத்தில் நமது ஊர்களுக்குப் பொருத்தமான அளவு இது: வழியில் கண்டால் தலையசைப்பு அல்லது ஒரு சிரிப்பு. பக்கத்தில் நிற்க நேர்ந்தால் "எப்படிப் போகுது?" என்று ஒரு கேள்வி, பதிலைக் கேட்டுவிட்டு நகர்வது. அவர் வீட்டில் கல்யாணம், சாமத்தியம் என்று சொன்னால் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவது, சொல்லாவிட்டால் அதைக் குறையாக எடுக்காமல் இருப்பது. செத்த வீடென்றால் சொல்லத் தேவையே இல்லை, போக வேண்டும். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பத்து நிமிடம் இருந்துவிட்டு வாருங்கள். ஆனால் அந்த இடத்தைச் சமாதானம் பேசும் இடமாக்காதீர்கள். அவர் துக்கத்தில் இருக்கிறார், உங்கள் கதை அங்கே வேண்டாம்.

திருவிழாக் காலம் கடினமானது. வைகாசிச் சடங்கில் தொடங்கி, ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தமும் திருக்கோவில் தீர்த்தமும் முடியும் வரை ஊரே வெளியில்தான் நிற்கும். வருடாவருடம் ஒன்றாகச் சேலை எடுத்தவர்கள், ஒன்றாக வளையல் கடை பார்த்தவர்கள் அந்த நாட்களில் ஒடுங்கிப் போவார்கள். வீட்டுக்குள் கிடக்காதீர்கள். அக்காவோடு, அயல் பிள்ளைகளோடு, வேறு நேரத்தில் போங்கள். பின்னேரப் பூசைக்குப் போகிற வழக்கம் இருந்தால் காலைப் பூசைக்குப் போகலாம்.

உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமத்துக்கு ஒரே குழுவில் நடந்து பழகியவர்கள் என்றால் முதல் வருடம் வேறு குழுவோடு போவது புத்தி. காட்டுக்குள் நாட்கணக்கில் ஒருவரை ஒருவர் தவிர்த்துக்கொண்டு நடப்பது இரண்டு பேரின் விரதத்தையும் கெடுக்கும், தண்ணீர் பகிர்கிற மற்றவர்களுக்கும் சங்கடம்.

படி 7: ஊர் வாய்க்கு ஒரே வசனம்

கேட்பார்கள். "என்னகா, அவள இப்ப இந்தப் பக்கம் காணல்ல?" என்று பக்கத்து வளவு மாமி வேலிக்கு மேலால் கேட்பார். ஒரு வசனத்தைத் தயாராக வைத்து, எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள்: "அவக்கும் வேல, எனக்கும் வேல மாமி, முந்தி மாதிரிக் கதைக்கக் கிடைக்கல்ல." ஒருவருக்கு ஒரு மாதிரியும் இன்னொருவருக்கு வேறு மாதிரியும் சொன்னால் ஊர் இரண்டையும் ஒட்டிப் பார்த்து மூன்றாவது கதை ஒன்று செய்யும்.

முழுக் கதையும் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஒரு ஆள் போதும். அவர் உங்கள் இருவருக்கும் பொதுவான சிநேகிதராக இல்லாமல் இருப்பது நல்லது. பொதுச் சிநேகிதர்களை நீதவான் ஆக்காதீர்கள். "நீ யார் பக்கம்?" என்று கேட்ட அன்றைக்கே அவர்களும் விலகத் தொடங்குவார்கள். அவர் உங்களை நம்பிச் சொன்ன ரகசியங்கள் இனிமேலும் ரகசியங்கள்தான். நட்பு முடிந்ததும் அவை உங்கள் சொத்தாகிவிடவில்லை.

உயர்தரம் (ஏ.எல்) ஒன்றாகப் படித்த பட்ச் வட்ஸ்அப் குழுவிலிருந்து கோபத்தில் வெளியேற வேண்டாம். 2022க்குப் பிறகு வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவித்தல் போகும் என்பது சரி, ஆனால் அட்மினுக்கும் வாய் இருக்கிறது. சத்தத்தை நிறுத்தி, ஆர்கைவில் போட்டுவிட்டு இருங்கள். அவருடைய ஸ்டேட்டஸையும் மியூட் பண்ணுங்கள். பிளாக் பண்ணுவதை மிரட்டுகிறவர்களுக்கு வைத்திருங்கள்.

அவர் மச்சாள், மச்சான் முறையென்றால் இது குடும்பக் கதையாகிவிடும். அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து கோபிக்கத் தொடங்குமுன் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "இது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது, நீங்க பெரியம்மாவோட வழமை போலக் கதைங்க." பிள்ளைகளையும் விட்டுவிடுங்கள். அவர்கள் தொடர்ந்து சேர்ந்து விளையாடட்டும். "அந்த வீட்டுக்குப் போகாதே" என்ற ஒரு வசனத்தால் இரண்டாவது நட்பும் முறியும், அதற்குக் காரணம் நீங்களாக இருப்பீர்கள்.

படி 8: கிழமையில் விழுந்த ஓட்டையைக் கவனியுங்கள்

நினைவைவிட வழக்கம்தான் அதிகம் கொல்லும். பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நடந்தது, இரவு நாடகம் முடிந்ததும் எடுத்த கோல், சம்பள நாளில் ஒன்றாகச் சாப்பிட்ட கொத்து. எந்த நாள், எந்த நேரம் வெறுமையாகிறது என்று பாருங்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஏதாவது வையுங்கள். முழு நாளையும் நிரப்பத் தேவையில்லை.

அந்த இடத்துக்கு உடனே இன்னொரு உயிர்த் தோழியைத் தேடி அலையாதீர்கள். கிடைக்காது. ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஒரு அமெரிக்க ஆய்வு, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணித்தியாலமும், நெருங்கிய நண்பராக 200 மணித்தியாலத்துக்கு மேலும் ஒன்றாகக் கழிக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டது. நமக்கு அந்த எண்ணிக்கை அப்படியே பொருந்துமோ இல்லையோ, ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் காணும் இடம் வேண்டும் என்பது பொருந்தும். கோயில் தொண்டு, விளையாட்டுக் கழகம், தையல் வகுப்பு, பொது நூலகம், மாதர் சங்கம், தேவாலயப் பாடகர் குழு. ஒருமுறை நடக்கிற நிகழ்ச்சியால் பயன் குறைவு.

பெண் வீட்டு ஊருக்கு வந்து இருக்கிற ஆண்களுக்கு இது இன்னும் கஷ்டம். அங்கே அவர் மருமகன், மச்சான், அத்தான் எல்லாம்தான், சிநேகிதன் யாருக்கும் இல்லை. பழைய ஊரில் இருந்த ஒரே நண்பனும் போனால் பின்னேரம் போக இடமில்லாமல் தவறணைப் பக்கம் கால் போகும். குடித்துவிட்டு எடுக்கிற கோல்தான் பல நட்புகளுக்குக் கடைசிக் கோல். மைதானத்துக்குப் போங்கள், விளையாட முடியாவிட்டால் சின்னப் பெடியன்களுக்கு அம்பயராக நில்லுங்கள்.

படி 9: கையைத் தாண்டிப் போகிறதா?

இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால் ஆள் பார்க்க வேண்டும். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அங்கே போய்க் கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அரச வைத்தியசாலையில் காசு இல்லை. கிளினிக் வரிசையில் யாராவது காண்பார்களே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கண்டவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்.

இருந்து என்ன பயன், செத்துவிடலாமா என்று ஒருமுறை தோன்றினாலும் இரண்டு கிழமை பார்க்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவும் பகலும் எடுக்கலாம். 1333 இலக்கத்திலும் இலவசமாகப் பேசலாம். அல்லது பக்கத்தில் இருக்கிற ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். வீட்டில் கிருமிநாசினி, மாத்திரை இருந்தால் அதை வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வயல் செய்கிற வீடுகளில் இது முக்கியம். உங்கள் சிநேகிதரிடம் இப்படியான பேச்சைக் கேட்டால், கோபத்தில் இருந்தாலும், நீங்களே அவர் வீட்டுக்குச் சொல்லுங்கள்.

படி 10: அவர் திரும்பி வந்தால்

வருவார்கள் சிலர். ஐந்து வருடம் கழித்து டொரன்டோவிலிருந்து "நினைவு இருக்கா?" என்று ஒரு மெசேஜ், அல்லது உங்கள் அப்பாவின் செத்த வீட்டில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. உடனே பழைய கணக்கைத் திறக்க வேண்டாம், உடனே பழைய மாதிரி ஆகிவிடவும் வேண்டாம். ஒரு தேத்தண்ணி குடியுங்கள். அடுத்த மாதம் இன்னொன்று. ரகசியமும் காசும் பிறகு. நடந்ததைப் பற்றி அவரே எடுத்தால் கேளுங்கள், எடுக்காவிட்டால் இரண்டு மூன்று சந்திப்புக்குப் பிறகு நீங்கள் எடுக்கலாம். முன்பு கிழமைக்கு ஏழு நாளும் கதைத்தவர்கள் இனி வருடத்துக்கு நான்கு முறை கதைக்கிறவர்களாக இருக்கலாம், அதிலும் குறையில்லை.

உங்களுக்கு மனமில்லையென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள்: "கண்டதில சந்தோசம். ஆனா முந்தி மாதிரி இனி எனக்கு ஏலாது." சொன்ன பிறகு அடுத்த நாள் பள்ளிக்கூடக் கேற்றடியில் கண்டால் தலையசைப்பை நிறுத்தாதீர்கள்.